பயம் நோயாகும்போது

"நெஞ்சு படபடக்குது", "கை கால் விறைக்குது", "இரவிலை நித்திரை இல்லை", "எந்த நேரமும் ஒரே யோசினை". எமது கிராமங்களில் வீடு வீடாகச் செல்லும் எவரும் அடிக்கடி கேட்கும் வார்த்தைகள் இவை. மழை பிந்தியதைப் பற்றியும் நெல் விலை விழுந்ததைப் பற்றியும் கதைத்துக் கொண்டிருக்கும்போது, இடையிலே, தணிந்த குரலில் இவை வெளிவரும். கேட்பவர் பெரும்பாலும், "அதொண்டும் இல்லை, யோசிக்காமல் இருங்கோ" என்று சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவார். நானும் பல ஆண்டுகள் அவ்வாறே சொல்லி வந்தவன். ஆறுதல் என்று எண்ணிச் சொன்ன அவ்வார்த்தை, சொல்ல வந்தவரின் வாயை அடைத்துவிட்டது என்பதைப் பிந்தியே உணர்ந்து கொண்டேன்.

இவ்வுபாதைகளுக்கு ஒரு பெயர் உண்டு. மனநல வைத்தியர்கள் இதனைப் 'பதகளிப்பு' என்பர். பதகளிப்பு என்றால் என்ன, அது ஏன் வருகிறது, அதை எவ்வாறு மாற்றலாம் என்பவற்றை இப்பாடத்தில் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒரு கமக்காரரின் கதை

பலரிடம் கேட்டறிந்தவற்றை ஒருவரின் கதையாகச் சேர்த்து இங்கு தருகிறேன். இது எவரையும் தனிப்படக் குறிப்பதல்ல.

இரணைமடுக் குளத்தின் கீழ் மூன்று ஏக்கர் வயல் செய்தவர் அவர். 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் குடும்பத்தோடு ஊரை விட்டு வெளிக்கிட்டார். உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிய பொருட்களை ஒவ்வோர் இடமாகக் கைவிட்டு, 2009 மே மாதத்தில் உடுத்த உடுப்போடு முள்ளிவாய்க்காலைக் கடந்தார். வழியில் தம்பியாரைப் பறிகொடுத்தார். செட்டிகுளம் முகாமில் ஒரு வருடம் இருந்து, 2010இல் ஊர் திரும்பினார். பற்றை வெட்டி, வரம்பு கட்டி, கொட்டில் போட்டு, மீண்டும் விதைத்து அறுத்தார். "மனுசன் எல்லாத்தையும் தாண்டிவிட்டார்" என்று அயலவர் சொன்னார்கள்.

மூன்றாம் வருடம் ஒருநாள், கிளிநொச்சிச் சந்தைக்குப் போகும் பஸ்ஸில், சனநெரிசலுக்குள் நின்றவருக்குத் திடீரென நெஞ்சு அடித்தது. மூச்சு முட்டியது. விரல்கள் விறைத்தன. வியர்வை ஓடியது. "இதிலையே சாகப் போறன்" என்ற எண்ணம் எழுந்தது. வழியிலே இறங்கி வைத்தியசாலைக்குப் போனார். ஈ.சீ.ஜீ. எடுத்துப் பார்த்தார்கள். இருதயத்தில் குறை இல்லை என்றார்கள். இதே போல மேலும் இரண்டு முறை நடந்தது.

அதன்பின் அவர் பஸ் ஏறுவதை விட்டார். பிறகு சந்தையை விட்டார். பிறகு கோயில் திருவிழாவை விட்டார். கடைசியில் வீட்டிலிருந்து தூரமான வயல் துண்டுக்குப் போவதையும் விட்டார். படலைக்கு வரும் வியாபாரி கேட்ட விலைக்கே மனைவி நெல்லைக் கொடுக்க வேண்டியதாயிற்று. பின்னேரங்களில் சாராயம் பழகினார். "மனநலக் கிளினிக்குக்குப் போங்கோ" என்று வைத்தியர் துண்டு எழுதிக் கொடுத்தபோது, "எனக்கென்ன விசரே?" என்று கேட்டார். சட்டைப் பைக்குள் வைத்த அத்துண்டை நான்கு மாதங்களாக வெளியே எடுக்கவில்லை.

பயம் எமது காவல் நாய்

பயம் கெட்ட ஒன்றல்ல. தோட்டத்துக்குக் காவல் நாய் எப்படியோ, அப்படியே உடலுக்குப் பயம். பாம்பைக் கண்டதும் காலைப் பின்னுக்கு இழுக்க வைப்பது பயமே. ஷெல் கூவும் சத்தம் கேட்டதும் யோசிக்காமல் பதுங்கு குழிக்குள் எம்மைப் பாய வைத்ததும் அதுவே. அந்தக் காவல் இல்லையென்றால் எம்மில் பலர் இன்று உயிரோடு இருந்திருக்க மாட்டோம்.

இக்காவல் எவ்வாறு வேலை செய்கிறது? மூளையின் உட்பகுதியில் அமிக்டலா என்னும் சிறிய பகுதி உண்டு. ஆபத்தை முதலில் மோப்பம் பிடிப்பது அதுவே. அது குரல் கொடுத்ததும், சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல அமர்ந்திருக்கும் சுரப்பிகள் அதிரீனலின் என்னும் பதார்த்தத்தை இரத்தத்தில் கலக்கின்றன. ஓடுவதற்கோ எதிர்த்து நிற்பதற்கோ தசைகளுக்கு அதிக இரத்தம் தேவை. ஆகவே இருதயம் வேகமாக அடிக்கிறது. அதிக காற்றுத் தேவை. ஆகவே மூச்சு வேகமாகிறது. உடல் சூடேறாதிருக்க வியர்க்கிறது. சமிபாடு அந்நேரத்துக்கு அவசியமில்லை; ஆகவே வாய் உலர்ந்து வயிறு பிசைகிறது. உண்மையான ஆபத்தில் இவை யாவும் எமக்கு உதவி செய்பவை.

விரல்கள் ஏன் விறைக்கின்றன? ஓடாமல் நின்ற நிலையில் வேகமாக மூச்சு வாங்கும்போது, இரத்தத்திலுள்ள காபனீரொட்சைட்டு அளவுக்கு மிஞ்சி வெளியேறிவிடுகிறது. அதனால் தலை சுற்றுகிறது. விரல்களும் உதடுகளும் விறைக்கின்றன. அதைக் கண்டு மனிதர் மேலும் பயப்படுகிறார். மூச்சு மேலும் வேகமாகிறது. பயம் மூச்சை வளர்க்க, மூச்சு பயத்தை வளர்க்கிறது. எனினும் இவ்வாறான திடீர்த் தாக்கம் பொதுவாகப் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்தை அடைந்து, பின்னர் தானாகவே இறங்கிவிடும். அலை எவ்வளவு உயர்ந்தாலும் இறங்கியே தீரும் என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

காவல் நாய் கள்ளனைக் கண்டு குரைத்தால் அது நல்ல நாய். சருகு விழுந்தாலும் குரைத்து, வீட்டாரை இரவு முழுதும் நித்திரை கொள்ள விடாதிருந்தால் என்ன செய்வது? நாயைக் கொல்வதா? இல்லை. பழக்க வேண்டும். பதகளிப்பு நோயும் அதற்கான சிகிச்சையும் இதுவே.

எல்லாப் பயமும் நோயல்ல

கண்ணிவெடி அகற்றப்பட்டதாக அறிவிக்கப்படாத காணிக்குள் கால் வைக்க அஞ்சுவது நோயல்ல, புத்தி. யானை வரும் பாதையில் இரவில் போக அஞ்சுவதும் அப்படியே. இறந்த தம்பியை நினைத்து அழுவது நோயல்ல, பாசம். பயம் ஆபத்தின் அளவை மிஞ்சி, ஆபத்து நீங்கிய பின்னும் நீடித்து, உழைப்பையும் உறவையும் நித்திரையையும் கெடுக்கும்போதே அதை நோய் என்கிறோம். அது பல வடிவங்களில் வரும்.

பொதுமைப்பட்ட பதகளிப்பு: பிள்ளை, பயிர், கடன், உடல்நலம் என எல்லாவற்றையும் பற்றி ஓயாத யோசனை. இது ஆறு மாதங்களுக்கு மேலாகப் பெரும்பாலான நாட்களில் இருக்கும். கழுத்து இறுக்கம், களைப்பு, எரிச்சல், நித்திரையின்மை ஆகியவை கூட வரும்.

திகில் தாக்கம்: எமது கமக்காரருக்கு வந்தது இதுவே. திடீரென வந்து மரணபயத்தைத் தரும். மீண்டும் வந்துவிடுமோ என்ற பயமே பின்னர் பெரிய நோயாகிவிடும்.

குறித்த பொருள் அல்லது இடம் பற்றிய பயம்: பூட்டிய அறை, உயரம், நெரிசல் போன்றவற்றுக்கு அளவு கடந்து அஞ்சுதல்.

சமூகப் பயம்: நாலு பேர் முன் கதைக்க, சாப்பிட, கையெழுத்திட அஞ்சுதல். சங்கக் கூட்டத்துக்கு வராதவர்கள் எல்லோரும் அக்கறையற்றவர்கள் அல்லர்.

இவற்றுக்கு நெருங்கிய இன்னொன்று, நெருக்கீட்டிற்குப் பிற்பட்ட மனவடு நோய். நடந்த கொடுமை கனவிலும் நனவிலும் மீண்டும் மீண்டும் கண்முன் வருதல், சிறு சத்தத்துக்கும் திடுக்கிடுதல், உணர்வு மரத்துப் போதல் என்பன அதன் அடையாளங்கள். இதனை இன்று வைத்தியர்கள் தனி வகையாகக் கொள்கின்றனர். எனினும் ஒருவரிடமே இரண்டும் சேர்ந்திருப்பது உண்டு.

பிள்ளைகள் இதை வார்த்தையில் சொல்லமாட்டார்கள். பள்ளிக்கூடம் போகும் நேரத்தில் வயிற்றுக்குத்து, வளர்ந்த பின்னும் படுக்கையில் சலம் போதல், தாயின் சேலையை விடாதிருத்தல் போன்றவற்றில் அவர்களுடைய பயம் வெளிப்படும்.

ஏன் வருகிறது?

இது மனப்பலவீனமோ, செய்வினையோ, பாவத்துக்கான தண்டனையோ அல்ல. காரணங்கள் பல. சிலருக்குப் பரம்பரையாகவே காவல் நாய் சற்றுக் கூர்மையானது. சிலருக்கு உடல்நோய் காரணமாகலாம். தைரொயிட் சுரப்பி அளவுக்கு மிஞ்சி வேலை செய்தாலும், இரத்தச்சோகை இருந்தாலும் நெஞ்சு படபடக்கும். அளவுக்கு மிஞ்சிய தேநீரும் கோப்பியும் அவ்வாறே செய்யும். மதுவோ பயத்தை இரவில் அமுக்கிவிட்டு, அதன் வேகம் இறங்கும் விடியற்காலையில் இரட்டிப்பாகத் திருப்பித் தரும்.

எம் மக்களைப் பொறுத்தவரை, பட்ட அனுபவங்களே பெரிய காரணம். 2009 ஜூலை முதல் செப்டெம்பர் வரை, யாழ்ப்பாண மாவட்டத்தில், இரண்டு இடம்பெயர்ந்தோர் முகாம்கள் உட்பட, 1,400 பேரளவில் விசாரித்து ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. அதன் முடிவுகள் 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்தன. விசாரிக்கப்பட்டவர்களுள் 32.6 வீதமானோரிடம் பதகளிப்பின் அறிகுறிகள் காணப்பட்டன. அந்நேரம் இடம்பெயர்ந்த நிலையில் இருந்தோரை மட்டும் எடுத்தால் அது 48.5 வீதமாக இருந்தது, ஏறத்தாழ இருவரில் ஒருவர். அறிகுறி உள்ள எல்லோருக்கும் நோய் உண்டு என்பதல்ல இதன் பொருள். ஆனால், "எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று தனியே இருந்து ஏங்குவோருக்கு இத்தொகை ஒரு பதில். நீங்கள் தனியே இல்லை.

அவ்வாய்வு இன்னொன்றையும் காட்டியது. ஒவ்வொருவரும் கண்ட, பட்ட கொடுமைகளின் அளவையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, இடம்பெயர்ந்தோருக்கும் மற்றோருக்கும் இடையிலான அந்த வேறுபாடு இல்லாது போயிற்று. அதாவது, இடம்பெயர்ந்தவர் என்பதால் எவரும் பலவீனர் அல்லர். கூடுதலான சுமையைச் சுமந்தவர்; அவ்வளவே.

போரோடு வரும் இந்நோய் எமக்கு மட்டும் உரியதுமல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஈடுபட்ட போர்வீரர்கள் பலர் நெஞ்சு படபடப்பு, மூச்சுமுட்டு என்று வந்தனர். அவர்களைப் பரிசோதித்த டா கோஸ்டா என்ற வைத்தியர் 1871இல் அதுபற்றி எழுதினார். அக்காலத்தில் அதைப் 'போர்வீரனின் இருதயம்' என்றார்கள். துவக்குத் தூக்கியவனுக்கே வந்த நோய், பிள்ளையைத் தூக்கிக் கொண்டு ஓடிய தாய்க்கு வந்ததில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

இவற்றோடு இன்றைய கவலைகளும் சேர்கின்றன. தவணை கேட்டு வாசலுக்கு வரும் கடன்காரர், எல்லை தெரியாது கிடக்கும் காணி, காணாமல் ஆக்கப்பட்டவர் உயிரோடு உண்டா இல்லையா என்று தெரியாத நிலை என்பன காவல் நாயை உறங்க விடாதவை. ஆகவே கடனுக்கு வழி தேடுவதும், காணி உறுதியைச் சீராக்குவதும், உண்மையை அறியும் உரிமைக்காகக் கூடி நிற்பதும் மனநலத்துக்கான வேலைகளே. மாத்திரை மட்டும் இவற்றுக்குப் பதிலாகாது.

ஒதுங்க ஒதுங்க வளரும்

பயத்தை வளர்க்கும் உரம், ஒதுங்குதல். கமக்காரர் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நெஞ்சு அமைதியானது. "இறங்கியபடியால் தப்பினேன்" என்று அவருடைய மூளை படித்துக் கொண்டது. இறங்காமல் இருந்திருந்தாலும் தாக்கம் தானாக இறங்கியிருக்கும் என்பதை அறிய அதற்குச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை. முதலில் பஸ், பிறகு சந்தை, பிறகு திருவிழா, பிறகு வயல் என்று வேலி வருடாவருடம் வீட்டை நோக்கி உள்ளே நகர்ந்தது.

சிகிச்சை

முதலாவது, வைத்தியரைக் காணுதல். நெஞ்சு நோவை வீட்டிலிருந்தே 'வெறும் பயம்' என்று தீர்மானிக்க வேண்டாம். அது இருதய நோயாகவும் இருக்கலாம். விசேடமாக, வேலை செய்யும்போது நோ வந்தாலும், இடது கைக்கோ தாடைக்கோ பரவினாலும் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். உடலில் குறை இல்லை என்று வைத்தியர் சொன்னால், அடுத்த படி மனநலக் கிளினிக். மாவட்ட வைத்தியசாலைகளிலும் பல ஆதார வைத்தியசாலைகளிலும் இது உண்டு. அரசாங்க வைத்தியசாலையில் இதற்குக் கட்டணம் இல்லை. அங்கு போவோர் எல்லோரும் 'விசர்' என்பது பழைய காலத்துப் பேச்சு.

இரண்டாவது, மூச்சுப் பயிற்சி. முதுகை நிமிர்த்தி இருந்து, மூக்கால், வயிறு எழும்ப, மனதுக்குள் நான்கு எண்ணும் வரை மெதுவாக மூச்சை உள்ளே எடுங்கள். ஆறு எண்ணும் வரை மெதுவாக வெளியே விடுங்கள். காலையும் மாலையும் பத்து நிமிடம் செய்யுங்கள். பயம் வந்த பின் பழகத் தொடங்குவது, நெருப்புப் பிடித்த பின் கிணறு வெட்டுவது போன்றது. அமைதியான நேரத்திலேயே பழக வேண்டும். உடலின் தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்தும் முறையும் உண்டு. அமெரிக்க வைத்தியரான எட்மண்ட் ஜேக்கப்சன் 1929இல் இதை நூலாக வெளியிட்டார். எமது முன்னோரின் சாந்தியாசனமும், செபமாலையை உருட்டி ஒரே வார்த்தையை மெதுவாகச் சொல்லும் பழக்கமும், மந்திர செபமும், திக்ரும் இதே வகையில் உடலைத் தணிப்பவை. அவரவர் தமக்குப் பழக்கமானதைக் கைக்கொள்ளலாம்.

மூன்றாவது, படிப்படியாக நெருங்குதல். இதுவே சிகிச்சையின் இருதயம். தென்னாபிரிக்க வைத்தியர் ஜோசப் வோல்ப், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மனம் பாதிக்கப்பட்ட படைவீரருக்கு மருந்து மட்டும் போதாது எனக் கண்டு, பயத்தைச் சிறு படிகளாகப் பிரித்து நெருங்கும் முறையை உருவாக்கி 1958இல் நூலாக வெளியிட்டார். எமது கமக்காரருக்குக் கிளினிக்கில் போட்டுக் கொடுத்த படிகள் இவை:

1. படலையில் நின்று, போகும் பஸ்ஸைப் பார்த்தல்.
2. மனைவியோடு பஸ் தரிப்பிடத்தில் அரை மணித்தியாலம் இருத்தல்.
3. சனம் குறைந்த நேரத்தில், மனைவியோடு ஒரு தரிப்பிடத் தூரம் போதல்.
4. அதே தூரம் தனியே போதல்.
5. மனைவியோடு சந்தை வரை போதல்.
6. சந்தை நாளில், நெரிசலில், தனியே போதல்.

இதற்கு விதிகள் மூன்று. பயம் இறங்கத் தொடங்கும் வரை அவ்விடத்தை விட்டு ஓடக்கூடாது. ஒரு படி பழகும் வரை அதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். இரண்டு படிகளை ஒன்றாகப் பாயக்கூடாது. கொடிய நினைவுகள் கண்முன் வந்து வருத்துவோர் இதைத் தனியே செய்யாது, உளவளத்துணையாளரின் அல்லது வைத்தியரின் துணையோடு செய்வதே நல்லது.

நான்காவது, மருந்து. எல்லோருக்கும் அது தேவையில்லை. தேவையானவர்களுக்கு புளூஒக்செற்றீன், சேர்ட்ரலீன் போன்ற மாத்திரைகள் கொடுக்கப்படும். இவை விழுங்கிய அன்றே வேலை செய்பவை அல்ல. பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரங்கள் வரை செல்லும். முதல் வாரத்தில் படபடப்புச் சற்றுக் கூடவும் கூடும். "மருந்து சரிவரவில்லை" என்று பலர் நிறுத்துவது இந்நேரத்திலேயே. சுகம் வந்த பின்னும் ஆறு மாதங்களுக்கு மேல் தொடர்ந்து, வைத்தியர் சொன்னபடி சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும். டயசிபாம் போன்ற மாத்திரைகள் உடனே அமைதி தரும். ஆனால் வாரக்கணக்கில் எடுத்தால் அவை இல்லாமல் இருக்க முடியாத நிலை ஏற்படலாம். அயலவரின் மாத்திரையை வாங்கி விழுங்குவது கூடாது.

வீட்டாருக்குச் சில வார்த்தைகள்

"யோசிக்காதை" என்று சொல்லாதீர்கள். யோசனை அவர் விரும்பி அழைத்த விருந்தாளி அல்ல. "என்ன செய்யுது? எப்ப தொடங்கினது?" என்று கேட்டு, பதிலைக் கடைசி வரை கேளுங்கள். கேலி செய்யாதீர்கள். ஆனால் அவர் செய்யவேண்டிய எல்லாவற்றையும் நீங்களே செய்துவிடவும் வேண்டாம். அது அன்பினால் செய்வதாயினும் ஒதுங்குதலுக்கு உரம் போடும். முதற் படியில் கூட நின்று, அடுத்ததில் சற்றுத் தள்ளி நில்லுங்கள்.

ஒருவர் "இருந்தென்ன பயன்" என்று பேசத் தொடங்கினால் அதை விளையாட்டாக எடுக்க வேண்டாம். அவரைத் தனியே விடாதீர்கள். பயிருக்கு அடிக்கும் நஞ்சுப் போத்தல்களைப் பூட்டி வையுங்கள். முடிந்தால் வீட்டை விட்டே அகற்றுங்கள். உடனே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

கமக்காரர் இன்று

நான்கு மாதத்தின் பின் அத்துண்டை வெளியே எடுத்தவர் அவருடைய மனைவி. "நீங்கள் போகாட்டி நான் போய் உங்கட வருத்தத்தைச் சொல்லுறன்" என்றார். அதன்பின் இருவருமாகப் போனார்கள். மாத்திரை, மூச்சுப் பயிற்சி, ஆறு படிகள் என்று ஒரு வருடத்துக்குக் கிட்டச் சென்றது. நான்காம் படியில் இரு தடவை பின்வாங்கி மூன்றாம் படிக்கு வந்தார். சாராயத்தை வைத்தியரின் ஆலோசனையோடு விட்டார்.

அவர் முழுதும் மாறிவிட்டார் என்று சொல்லமாட்டேன். இன்றும் பஸ்ஸில் முன்கதவுக்கு அருகிலேயே இருப்பார். மே மாதம் வந்தால் நித்திரை குறையும். ஆனால் தன் நெல்லைத் தானே ஏற்றிச் சென்று, தராசைத் தன் கண்ணால் பார்த்து விற்கிறார். தூரத்து வயல் துண்டும் இப்போது தரிசாகக் கிடப்பதில்லை. காவல் நாய் இடையிடையே குரைக்கும். அது குரைக்கும்போது என்ன செய்வது என்று அவருக்குத் தெரியும்.

கலந்துரையாடலுக்கு

1. எமது கிராமத்தில் பதகளிப்பை எந்தெந்த வார்த்தைகளால் சொல்கிறார்கள்? அவ்வார்த்தைகளைக் கேட்டதும் நாம் வழக்கமாக என்ன பதில் சொல்கிறோம்?
2. சங்கக் கூட்டத்துக்கோ வயலுக்கோ வருவதை நிறுத்திக் கொண்டவர்கள் எமது அயலில் உண்டா? யார், எப்போது, எவ்வாறு அவர்களிடம் போவது?
3. எமக்கு அண்மையில் மனநலக் கிளினிக் எங்கே, எந்த நாட்களில் நடக்கிறது? முதல் தடவை போகிறவரோடு கூடச் செல்ல எம்மில் யார் முன்வருவார்?